அப்பால் என்பது யாருடைய வாசல்?

போன மாதம் சேலத்தில் ஒரு சின்னக் கூட்டம். பதினெட்டுப் பேர் இருப்போம். அணுஉலைக் கழிவு பற்றி ஒரு தீர்மானம் எழுதிப் பல அமைப்புகளிடமும் கையெழுத்து வாங்கி அனுப்புவது என்று ஏற்பாடு. வரைவை ஒரு தோழர் எழுதிக்கொண்டு வந்திருந்தார். நல்ல தமிழ். ‘ஊர் மக்களின் ஒப்புதல் இல்லாமல் எந்த இடத்திலும் அணுக்கழிவுக் கிடங்கு அமைக்கக் கூடாது’ என்பது அதன் முதல் வாக்கியம். எல்லோரும் தலையாட்டினார்கள். நான் மட்டும் ‘ஊர் மக்கள்னா யாருங்க தோழர்?’ என்று கேட்டேன். பின்னாலிருந்து யாரோ ‘ஆரம்பிச்சுட்டாங்கய்யா’ என்றார். சிரிப்பு. டீ வந்தது. கடைசியில் ‘நீங்களே மாத்தி எழுதிட்டு வாங்க, அடுத்த கூட்டத்துல வெச்சுக்கலாம்’ என்று என்னிடம் தாளைக் கொடுத்துவிட்டார்கள். ஒரு வாக்கியம்தானே என்று வாங்கிக்கொண்டேன். மூன்று வாரமாக அந்த ஒரு வாக்கியத்தோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். இந்தக் கட்டுரை அந்த மல்லுக்கட்டுதான்.

நான் மேச்சேரிக்காரி. ஊர்ப் பெயரிலேயே சேரி இருக்கிறது. மேல்சேரியா, மேய்ச்சேரியா என்று புலவர்கள் சண்டை போடட்டும். எனக்கு அதில் வேறு ஒன்று உறைக்கும். முழு ஊரின் பெயரில் சேரி இருந்தும் அந்த ஊரை யாரும் சேரி என்று சொல்வதில்லை. எங்கள் தெருவை மட்டும்தான் சொல்வார்கள். எம்.ஏ. படிக்கும்போது சிலப்பதிகாரத்தில் புறஞ்சேரி இறுத்த காதை பாடம் இருந்தது. மதுரை மதிலுக்கு வெளியே கோவலனும் கண்ணகியும் தங்கிய இடம். சேரி என்றால் அன்றைக்கு மக்கள் சேர்ந்திருக்கிற இடம், அவ்வளவுதான் என்று பேராசிரியர் விளக்கினார். ‘அப்ப எப்பய்யா அது எங்க தெருவு மட்டும் ஆச்சு?’ என்று கேட்க வாய் வரவில்லை. இருபத்தோரு வயது. இப்போது வாய் வருகிறது.

கூடங்குளம் கதை இந்த இதழின் வாசகர்களுக்குத் தெரியும். எரிபொருளின் கதையை மட்டும் தனியாக உருவிப் பார்க்க வேண்டியிருக்கிறது. 1988 நவம்பரில் ராஜீவ் காந்தியும் கோர்பச்சேவும் போட்ட ஒப்பந்தத்தில், உலையில் எரிந்து முடிந்த எரிபொருளைச் சோவியத் நாடே திரும்ப எடுத்துக்கொள்ளும் என்று இருந்தது. 1998இல் ரஷ்யாவோடு போட்ட துணை ஒப்பந்தத்தில் அது மாறிவிட்டது. எரிபொருள் இனி இந்தியாவிலேயே இருக்கும். அதாவது, பத்து வருடத்துக்கு முன்பு ‘போய்விடும்’ என்று சொன்ன ஒன்று ‘இருக்கும்’ என்றாகிவிட்டது. ஒரு வினைச்சொல் மாறியதுதான். அந்த மாற்றத்துக்காக இடிந்தகரையிலோ கூடங்குளத்திலோ விஜயாபதியிலோ தண்டோரா போட்டு யாரும் கூப்பிடவில்லை.

ஓர் உலையின் வயிற்றில் 163 எரிபொருள் கற்றைகள். ஓராண்டுக்கோ ஒன்றரை ஆண்டுக்கோ ஒருமுறை அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை வெளியே எடுத்துப் புதியதைப் போட வேண்டும். எடுத்தது அப்போதும் கொதிக்கும், கதிர் வீசும். உலையை ஒட்டிய தண்ணீர்த் தொட்டியில் வருடக்கணக்கில் ஆற வேண்டும். தொட்டி நிறைந்தால் வேறிடம் பார்க்க வேண்டும். 2013 மே 6ஆம் தேதித் தீர்ப்பில் உச்சநீதிமன்றம் உலையை இயக்கலாம் என்று சொல்லி, கூடவே பதினைந்து கட்டளைகளையும் போட்டது. அதில் ஒன்று, அய்ந்து வருடத்துக்குள் ‘உலைக்கு அப்பால்’ கிடங்கு கட்ட வேண்டும் என்பது. அய்ந்து வருடம் ஓடிப்போயிற்று. அணுமின் கழகம் அவகாசம் கேட்டது. 2018 ஜூலையில் நீதிமன்றம் 2022 ஏப்ரல் வரை நீட்டித்தது. இடையில் 2019 ஜூலை 10 அன்று ராதாபுரத்தில் கருத்துக் கேட்புக் கூட்டம் என்று அறிவித்தார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் தள்ளிவைத்தார்கள்.

‘உலைக்கு அப்பால்’ என்ற அந்தப் பெயரைக் கவனியுங்கள். துறைக்காரர்கள் ஆங்கிலத்தில் வைத்த பெயரின் நேர்த் தமிழ் அது. அப்பால் என்றவுடன் ஏதோ தொலைவுக்குப் போய்விடுகிறது என்றுதான் காதில் விழும். ஆனால் திட்டம் அதே வளாகத்துக்குள்தான். உலையிலிருந்து அப்பால், அவ்வளவே. மனுசனிடமிருந்து அப்பால் என்று அதற்குப் பொருள் கிடையாது. தூரத்தை உலையிலிருந்து அளக்கிறவன் ஒருவன், தன் வீட்டு வாசலிலிருந்து அளக்கிறவள் ஒருத்தி. இலக்கணத்தில் இடப்பொருள் என்று படித்தோமே, அது பேசுகிறவன் நிற்கிற இடத்தைப் பொறுத்தது. ‘ஊருக்கு அப்பால் காலனி’ என்று பட்டாவில் எழுதுகிறவரும் தன் நாற்காலியிலிருந்துதான் அளக்கிறார். எங்களுக்கு அது அப்பால் இல்லை, வீடு.

இன்னொரு சொல் தகராறும் உண்டு. அது கழிவே இல்லை, மூலப்பொருள், மறுபடி பதப்படுத்திப் புளூட்டோனியம் எடுப்போம் என்பது அணுசக்தித் துறையின் நிலை. இருக்கட்டும். செத்த மாடும் ஒருவனுக்குத் தோல்தான், மூலப்பொருள்தான். ஆனால் அதைச் சுமந்துபோய் உரிக்க யார் போக வேண்டும், எந்த மூலையில் உரிக்க வேண்டும் என்பதை எப்போதும் வேறொருவன்தான் தீர்மானித்தான். பொருளுக்கு மதிப்பு உண்டு என்று நிரூபித்துவிட்டால் இடத்தைப் பற்றிய கேள்வி தீர்ந்துவிடாது.

‘கருத்துக் கேட்பு’க்கு வருகிறேன். 2006 செப்டம்பரில் வந்த சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையை ஒரு பிரதியாக வைத்து வாசித்துப் பாருங்கள். கூட்டத்துக்கு முப்பது நாள் முன்னறிவிப்பு வேண்டும். மாவட்ட ஆட்சியரோ அவரது பிரதிநிதியோ தலைமை. வீடியோ எடுக்க வேண்டும். சுருக்கம் உள்ளூர் மொழியில் தர வேண்டும் (சுருக்கம்தான், முழு அறிக்கையைத் தமிழில் தர வேண்டும் என்று இல்லை). குறைந்தபட்சம் இத்தனை பேர் வந்தால்தான் கூட்டம் என்ற கணக்குக் கிடையாது. நாலு பேர் வந்தாலும் கூட்டம், நாலாயிரம் பேர் வந்து வேண்டாம் என்றாலும் கூட்டம். அந்த ‘வேண்டாம்’ பதிவு செய்யப்படும், அதற்குத் திட்டக்காரர் பதில் எழுதுவார், கோப்பு டெல்லிக்குப் போகும். உள்ளூர் நிலைமை சரியில்லை என்று அதிகாரிகள் கருதினால் கூட்டமே இல்லாமலும் முடிக்கலாம். தேசப் பாதுகாப்பு, ‘பிற கேந்திர முக்கியத்துவம்’ என்றால் கலந்தாலோசனையே வேண்டியதில்லை. ஆக இந்தப் பிரதியில் ‘கேட்பது’ என்றால் காதால் கேட்பது. அனுமதி கேட்பது இல்லை. ரெண்டுக்கும் நம் மொழியில் ஒரே வினை. அந்த ஒற்றுமையில்தான் ஏமாற்று நடக்கிறது. ‘உங்களைக் கேட்டுத்தானே செஞ்சோம்’ என்று நாளைக்குச் சொல்லலாம்.

1, 2ஆம் உலைகளுக்கு அந்தக் காதும் கிடைக்கவில்லை. அவற்றுக்கு 1989 மே மாதமே சுற்றுச்சூழல் அனுமதி கொடுத்தாயிற்று. கருத்துக் கேட்பு முறை அதற்குப் பிறகு வந்தது, ஆகவே அது இந்த உலைகளைக் கட்டுப்படுத்தாது என்று நீதிமன்றம் சொன்னது. பிறந்தநாள் முந்திவிட்டதால் கேள்வியிலிருந்து தப்பித்த உலைகள்! 2012 செப்டம்பர் 10 அன்று இடிந்தகரைக் கடற்கரையில் தடியடியும் கண்ணீர்ப்புகையும், அதே நாள் மணப்பாட்டில் துப்பாக்கிச்சூட்டில் ஒரு மீனவர் சாவும். ஆயிரக்கணக்கானோர் மீது தேசத்துரோக வழக்குகள். ஏழு வருடம் கழித்து, அதே கடற்கரையைப் பார்த்து ‘உங்கள் கருத்து என்ன’ என்கிறது நோட்டீஸ். வழக்கைத் தோளில் சுமந்துகொண்டு எந்த வாயால் கருத்துச் சொல்வது?

2013ஆம் வருடத்தில் இன்னொரு தீர்ப்பும் உண்டு. அது ஏப்ரல் 18. ஒடிசாவின் நியம்கிரி மலையில் பாக்சைட் தோண்டலாமா கூடாதா என்பதை அங்குள்ள கிராமசபைகள் முடிவு செய்யட்டும் என்று உச்சநீதிமன்றம் சொன்னது. டோங்ரியா கோந்து மக்களின் பன்னிரண்டு கிராமசபைகள், மாவட்ட நீதிபதி பார்த்துக்கொண்டிருக்க, ஒன்று பாக்கியில்லாமல் வேண்டாம் என்றன. நியம்கிரித் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி கே.எஸ். ராதாகிருஷ்ணன். பதினெட்டு நாள் கழித்து வந்த கூடங்குளத் தீர்ப்பின் முதன்மைப் பகுதியை எழுதியவரும் அவரே. நியம்கிரியில் மக்களின் வழிபாட்டு உரிமையும் வனஉரிமைச் சட்டமும் பேசின. கூடங்குளத்தில் தேசத்தின் அணுக்கொள்கை பேசியது. சிலரின் அச்சம் பெரும்பான்மையின் நன்மைக்கு வழிவிட வேண்டும் என்ற வாதம் பேசியது. நீதிபதியைக் குறைசொல்ல இதை எழுதவில்லை. ரெண்டு இடத்திலும் சட்டம் வேறு. பழங்குடிக்கு வனஉரிமைச் சட்டம் ஒரு தரையைக் கொடுத்தது, அதில் நின்று வேண்டாம் என்றார்கள். மீனவருக்குக் கடலில் பட்டா கிடையாது. தலித்துக்கு நிலமே கிடையாது. நிலமில்லாதவனின் சம்மதத்தைக் கேட்க இந்த நாட்டில் எந்தச் சட்டமும் இன்னும் எழுதப்படவில்லை. நிலம் எடுப்புச் சட்டத்தில்கூட நிலத்துக்காரர் சம்மதத்துக்குத்தான் சதவீதம். அந்த நிலத்தில் களை எடுத்தவள் கணக்கில் வருவது இழப்பீட்டு அட்டவணையில், சம்மத அட்டவணையில் இல்லை.

(நியம்கிரி மேல் கண் வைத்தது வேதாந்தா. எங்கள் மேட்டூர் மால்கோ அலுமினிய ஆலையை 1995இல் வாங்கியதும் அதே குழுமம்தான். ஏற்காட்டு மலையும் கொல்லிமலையும் பாக்சைட்டுக்காக உடைபட்டன. உடைக்கும்முன் இந்த மலைகளில் எந்தச் சபை கூடியது?)

கோலாரைப் பற்றி எழுதாமல் இதை முடிக்க முடியாது. தோழர்களின் வரைவில் அந்தப் பெயர் இல்லை. நம் சூழலியல் எழுத்துகளிலும் அது அநேகமாக ஒரு அடைப்புக்குறிக்குள்தான் வருகிறது.

எங்கள் தாத்தாவின் தம்பி, சின்னத் தாத்தா, பஞ்ச காலத்தில் மேச்சேரியிலிருந்து நடந்தும் ரயிலேறியும் தங்கவயலுக்குப் போனவர். வடாற்காடு, சேலம், தருமபுரிப் பக்கத்துச் சேரிகளிலிருந்து அப்படிப் போனவர்கள் ஏராளம். வெள்ளைக்கார ஜான் டெய்லர் கம்பெனி 1880இலிருந்து தோண்டிய அந்தச் சுரங்கத்தின் அடியில் இறங்கியவர்களில் பெரும்பாலோர் தமிழ்த் தலித்துகள். ஊரில் பண்ணையாள், அங்கே கூலித் தொழிலாளி. அது ஒரு விடுதலைதான், சந்தேகமில்லை. ஊரில் செருப்புப் போட முடியாதவன் அங்கே பூட்ஸ் போட்டான், சங்கம் வைத்தான். 1930இல் கம்பெனி எல்லோருடைய கைரேகையையும் பதியச் சொன்னபோது மாட்டோம் என்று வேலைநிறுத்தம் செய்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவனின் ரேகை என்ன வேலை செய்யும் என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது. மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கினார்கள். 1902லேயே சிவசமுத்திரத்தில் காவிரியிலிருந்து எடுத்த மின்சாரம் அந்தச் சுரங்கத்துக்குப் போயிற்று. எங்கள் மேட்டூருக்கு வருமுன் அந்தத் தண்ணீர் கோலாரில் எங்கள் ஆட்களைக் குழிக்குள் இறக்கிவிட்டுத்தான் வந்தது என்று சின்னத் தாத்தா சொல்லுமாம்.

2001இல் சுரங்கத்தை மூடினார்கள். சிலிக்கா தூசு படிந்த நுரையீரலும் சயனைடு மண்மேடுகளும் லைன் வீடுகளும் மிச்சம். இளைஞர்கள் விடிகாலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போய் ராத்திரி திரும்புகிறார்கள்.

2012 நவம்பர். நான் அப்போது சேலத்தில் எம்.ஏ. படித்துக்கொண்டிருந்தேன். கூடங்குளத்தின் கழிவை நிரந்தரமாக வைக்கக் கோலார்ச் சுரங்கம் இருக்கிறது என்ற பொருளில் மத்திய அரசின் தரப்பு உச்சநீதிமன்றத்தில் சொன்னதாகப் பத்திரிகையில் வந்தது. தங்கவயல் கொதித்தது. சனங்கள் தெருவுக்கு வந்தார்கள். சின்னத் தாத்தாவின் மகன், சித்தப்பா, போன் போட்டார். ‘ஏம்மா, நீ படிச்சவதானே. கூடங்குளம்னா எங்கம்மா இருக்குது? அங்கத்த குப்பைய இங்க கொண்டாந்து எறக்கப் போறாங்களாம். எங்கள ஒரு வார்த்த கேட்டாங்களா?’ நான் என்னவோ சொன்னேன். அவர் கேட்கவில்லை. ‘குழி வெட்டுனது எங்கப்பன். குழி எங்களுதுன்னு என்னைக்காச்சும் குடுத்தாங்களா? தங்கம் எங்களுதுன்னு குடுத்தாங்களா? இது மட்டும் எப்படிம்மா எங்களுது?’

சில நாட்களிலேயே அரசும் அணுமின் கழகமும் அப்படி ஒரு திட்டம் இல்லை என்று மறுத்துவிட்டன. விஷயம் முடிந்தது. முடிந்ததா? அந்த ‘யோசனை’ ஆகாயத்திலிருந்து விழவில்லை. 1980களிலேயே பாபா அணு ஆராய்ச்சி மையம் அந்தச் சுரங்கத்தில் ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் ஆழத்தில் பாறையைச் சூடேற்றி, கழிவின் வெப்பத்தைப் பாறை எப்படித் தாங்கும் என்று வருடக்கணக்கில் பார்த்தது. வைத்தது வெறும் மின்சூடேற்றிதான், கதிரியக்கப் பொருள் அல்ல. அதற்கும் முன்பு, 1965இல், அதே சுரங்கத்தின் அடியில் விஞ்ஞானிகள் வளிமண்டல நியூட்ரினோவைக் கண்டார்கள். பாறையின் குணம் அவர்களுக்கு அத்துப்படி. பாறைக்கு மேலே குடியிருப்பவர்களின் குணத்தைக் கேட்க வேண்டும் என்று தோன்றவில்லை.

எதிர்ப்பு எப்படி எழுதப்பட்டது என்பதையும் பார்க்க வேண்டும். கர்நாடக அரசியல்வாதிகள் எதிர்த்தார்கள், நல்லது. ஆனால் தமிழ்நாட்டுக் கழிவு கர்நாடக மண்ணில் எதற்கு என்பதே அங்கே உரக்கக் கேட்ட குரல். எங்கள் பக்கத்தில், சரி, நம்ம கடற்கரையை விட்டுப் போனால் போதும் என்று பெருமூச்சு விட்ட தோழர்களை எனக்குத் தெரியும். காவிரிக்குச் சண்டை போடுகிற மாதிரி ரெண்டு மாநிலம் கழிவுக்குச் சண்டை போட்டது. நடுவில் நிற்பவன் தமிழ் பேசுகிறவன், கர்நாடகத்துக்காரன், தலித். அவனை அந்தச் சண்டையில் எந்தப் பக்கமும் தன் ஆளாகச் சேர்த்துக்கொள்ளவில்லை. தமிழினம் பேசுகிற மேடைகளில் அந்த நவம்பரில் தங்கவயலுக்காக எத்தனை குரல் எழும்பியது? எழுந்த குரலை நான் கேட்கவில்லை.

இந்த இடத்தில்தான் ‘ஊர் மக்கள்’ என்ற சொல்லோடு எனக்குள்ள தகராறு. என் அம்மா பிறந்தது நாமக்கல் பக்கம் ஒரு கிராமம். பெயர் வேண்டாம். நான் சின்னப்பிள்ளையாக லீவுக்குப் போயிருந்தபோது அங்கே ஒரு கோழிப்பண்ணை வந்தது. செத்த கோழிகளைப் போட ஒரு குழி வேண்டும். மாரியம்மன் நோம்பிக்குப் பண்ணைக்காரர் பணம் தருவதாகச் சொன்னார். ஊர்க்கூட்டம் கூடியது. எங்கள் ஆட்கள் நாலைந்து ஆம்பளைகளை வரச்சொன்னார்கள். கோயில் திண்ணையில் ஊர், புளியமரத்தடியில் இவர்கள். நடுவில் இருபதடி. தாத்தா சொன்னது எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது: ‘அங்க நிக்கச் சொன்னாங்க, நின்னோம். சரிதானேன்னாங்க, சரிங்க சாமின்னோம். தாள நீட்டுனாங்க, ரேகை வெச்சோம்.’ குழி சேரிக்கு இருநூறு அடியில் வந்தது. ஆயா சாகிறவரை சோறு தின்னும்போது முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு, பிறகு எடுத்து, ஒரு வாய் வைத்து, மறுபடி மூடும். அந்தத் தாளில் ‘ஊர்ப் பொதுமக்கள் ஒருமனதாக’ என்று எழுதியிருந்ததாம். முதல் ரேகை எங்கள் தாத்தாவுடையது. அவர் பண்ணையம் பார்த்தது கூட்டத்துக்குத் தலைமை வகித்தவரின் தோட்டத்தில். ஆயாவை யாரும் கூப்பிடவில்லை, புளியமரத்தடிக்குக்கூட.

சட்டப்படி பார்த்தால் அது ஒப்புதல்தான். பாதிக்கப்படுகிறவர்களின் கைரேகையே இருக்கிறதே! நாளைக்கு அணுக்கழிவுக்குக் கிராமசபை ஒப்புதல் கட்டாயம் என்று சட்டம் வந்தாலும் எனக்கு அந்தத் தாள்தான் கண்ணில் நிற்கும். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளில் தலித் தலைவர் வரக்கூடாது என்று 1996இலிருந்து பத்து வருடம் தேர்தலையே நடத்தவிடாமல் செய்ததும் ‘ஊர்’தான். மேலவளவில் 1997இல் முருகேசனையும் தோழர்களையும் வெட்டியவர்களும் ஊர்க்காரர்கள்தான். கிராமத்தை அடிப்படை அலகாக வையுங்கள் என்று அரசியல் நிர்ணய சபையில் கேட்டவர்களுக்கு அம்பேத்கர் 1948 நவம்பரில் கொடுத்த பதில் தெரியும்: கிராமம் குறுகிய புத்தியின் கிடங்கு, அறியாமையின் குகை, தனிமனிதன்தான் அலகு என்று. சூழலியல் தோழர்கள் இந்த இடத்தைத் தாண்டிக் குதித்துப் போகிறார்கள். ஊர் அழகு, ஊர் ஒற்றுமை, ஊர்க் கட்டுப்பாடு என்று எழுதும்போது எங்களுக்கு முதுகு கூசுகிறது.

அதற்காக நான் ஒப்புதலே வேண்டாம் என்று சொல்பவளா? இல்லை. அப்படிச் சொன்னால் முடிவை டெல்லிக் கோப்பிடம் கொடுத்துவிடுகிறேன் என்று அர்த்தம். அம்பேத்கரையே எடுத்துக்கொண்டு ‘அவர் மின்சாரத்தை ஆதரித்தவர், நீங்கள் ஏன் எதிர்க்கிறீர்கள்’ என்று கேட்கிறவர்களும் உண்டு. உண்மைதான், 1942 முதல் 1946 வரை வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையோடு நீர்ப்பாசனமும் மின்சாரமும் அவர் பொறுப்பில்தான் இருந்தன. எனக்கும் மின்சாரம் வேண்டும். மேட்டூர் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி தெரிகிற தூரத்தில் வளர்ந்த நான், மண்ணெண்ணெய் விளக்கில் படித்த அக்காக்களையும் பார்த்தவள்தான். கேள்வி கம்பி எந்தத் தெருவுக்கு முதலில் வருகிறது, சாம்பல் எந்தத் தெருவுக்கு முதலில் வருகிறது என்பது. மேட்டூர் அணைக்காக 1934க்கு முன் காலி செய்யப்பட்ட கிராமங்கள் இன்னும் தண்ணீருக்குள் இருக்கின்றன. தண்ணீர் வற்றினால் பண்ணவாடியில் நந்தியும் மாதாகோயில் கோபுரமும் தலை நீட்டும், பத்திரிகையில் போட்டோ வரும். முங்கிப்போன சேரிகளுக்கு நீட்டுவதற்குக் கோபுரம் இல்லை.

வெளிநாட்டில் எப்படி என்று கூட்டத்தில் ஒரு மாணவர் கேட்டார். நல்ல கேள்வி. பின்லாந்தில் யூரயோகி நகராட்சி மன்றம் 2000 ஜனவரியில் 20க்கு 7 என்று வாக்களித்து நிலத்தடிக் கிடங்குக்குச் சரி சொன்னது. அதன் ‘வேண்டாம்’ சட்டப்படிச் செல்லும், மேலே யாரும் மாற்ற முடியாது. ஏற்கெனவே உலை இருந்த, வரி வருமானம் பார்த்த ஊர் அது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது சுவீடனின் வடக்கில் ஸ்டோரூமான், மாலோ என்ற ரெண்டு ஊர்கள். 1995இலும் 1997இலும் பொதுவாக்கெடுப்பில் வேண்டாம் என்றன. கம்பெனி மூட்டை கட்டிக்கொண்டு போயிற்று. ஒப்புதல் என்ற சொல்லுக்கு உயிர் வருவது அங்கேதான். வேண்டாம் என்றவன் மறுநாள் காலையில் எழுந்து தன் வேலைக்குப் போக முடிகிறது. கனடாவில் 2010இல் தொடங்கிய தேடல் 2024 நவம்பரில்தான் முடிந்தது. இக்னேஸ் என்ற நகரமும் வாபிகூன் ஏரிப் பூர்வகுடி மக்களும் தனித்தனியாக முடிவு சொன்ன பிறகே இடம் குறித்தார்கள். நகரம் சரி என்றதைப் பூர்வகுடியின் சரியாக எழுதிக்கொள்ளவில்லை. ஊருக்கும் சேரிக்கும் தனித்தனிக் கேள்வி என்று இதை நான் வாசிக்கிறேன். தப்பாக இருக்கலாம்.

மறுபக்கமும் உண்டு. அமெரிக்காவில் மெஸ்கலேரோ அப்பாச்சி மக்கள் 1995 ஜனவரியில் தங்கள் மண்ணில் எரிபொருள் கிடங்கு வேண்டாம் என்று வாக்களித்தார்கள். ரெண்டு மாதத்துக்குள் மறுவாக்கெடுப்பு. இந்தத் தடவை சரி. (திட்டம் பிறகு பேச்சுவார்த்தையில் முறிந்துபோனது வேறு கதை.) பசித்தவனிடம் சரி வருகிறவரை கேட்டுக்கொண்டே இருக்கலாம். சரி வந்தபிறகு மறுபடி கேட்பதில்லை. தைவானின் லான்யூ தீவில் தாவோ பூர்வகுடிகளின் இடத்தில் 1982இலிருந்து குறைந்த கதிர்வீச்சுக் கழிவுப் பீப்பாய்கள் கிடக்கின்றன. கட்டும்போது மீனை டப்பாவில் அடைக்கும் ஆலை வருகிறது என்றுதான் அங்குள்ளவர்கள் நம்பியிருந்தார்கள். 2016இல் அந்த நாட்டின் அதிபர் மன்னிப்புக் கேட்டார், 2019இல் இழப்பீடு அறிவித்தார்கள். பீப்பாய் எங்கே போகும் என்பது தீரவில்லை.

நம் ஊரில் இருந்த காதும் மூடப்படுகிறது. 2025 செப்டம்பரில் சுற்றுச்சூழல் அமைச்சகம் அணுக் கனிமச் சுரங்கங்களுக்குக் கருத்துக் கேட்பே வேண்டாம் என்று குறிப்பாணை போட்டது. அதே டிசம்பரில் அணுமின் துறையைத் தனியாருக்குத் திறக்கும் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. இனி உலைகள் கூடும், தொட்டிகள் நிறையும், அப்பால்கள் தேடப்படும்.

தமிழ்நாட்டு முதலமைச்சர் 2022 பிப்ரவரியில் பிரதமருக்குக் கடிதம் எழுதினார், கூடங்குளத்தின் எரிபொருளை ரஷ்யாவுக்கே திருப்பி அனுப்புங்கள் என்று. நம் தோழர்களின் வரைவிலும் ரெண்டாவது வாக்கியம் அதுதான். கேட்க நியாயமாகவே இருக்கிறது, 1988இல் சொன்ன வார்த்தைதானே. ஆனால் ரஷ்யா என்பதும் ஒரு ‘அப்பால்’. இந்த வகை உலைகளின் எரிபொருள் அங்கே சைபீரியாவில் ஷெலெஸ்னோகோர்ஸ்க் என்ற இடத்துக்குப் போகிறது. ரஷ்யாவின் மாயக் ஆலைக்கழிவு கலந்த தேச்சா ஆற்றங்கரையில் பாதிக்கப்பட்ட முஸ்லியுமோவா கிராமத்தவர் தாத்தாரியரும் பாஷ்கிரியரும், அந்த நாட்டின் சிறுபான்மையினர். கோலாருக்கு அனுப்பாதே என்று சொன்ன வாயால், பெயர் தெரியாத ஒரு சேரிக்கு அனுப்பு என்று எப்படிச் சொல்வது? அப்படியென்றால் எங்கேதான் வைப்பது என்று தோழர் கேட்டார். ஏற்கெனவே எரிந்ததை உலை வளாகத்திலேயே, எல்லோரும் வந்து பார்த்து அளக்கிற மாதிரிக் காவல் வைத்திருப்பது, மேற்கொண்டு எரிக்காமல் இருப்பது என்பது என் பதில். இடிந்தகரைக்காரர்களுக்கு அது நியாயமான பதில் இல்லை என்று எனக்குத் தெரியும். அவர்களிடம் கேட்டுவிட்டு நான் அதைச் சொல்லவில்லை. இந்த ஓட்டையை மறைக்க விரும்பவில்லை.

வாக்கியத்துக்கு வருகிறேன். ‘கிடங்கு வரும் இடத்தைச் சுற்றி வாழும் வயதுவந்த ஒவ்வொருவரும், ஊர்த்தெரு, காலனி, குப்பம், லைன் வீடு எதுவானாலும், ஆணும் பெண்ணும் தனித்தனியே, முழு அறிக்கையையும் தம் மொழியில் வாசித்தோ வாசிக்கக் கேட்டோ, இரகசிய வாக்கில் தம் முடிவைச் சொல்ல வேண்டும்; காலனியின் வாக்கும் குப்பத்தின் வாக்கும் தனியாக எண்ணப்பட வேண்டும்; அதில் எந்த ஒன்று வேண்டாம் என்றாலும் வேண்டாம்; வேண்டாம் என்றவருக்கு வேலையும் கூலியும் குடியிருப்பும் போகாது என்று உறுதி வேண்டும்; ஒருமுறை மறுத்த இடத்தில் மறுபடி கேட்கக் கூடாது.’ இது தீர்மானமா, மனுவா, மாரியம்மன் வேண்டுதலா என்று தோழர் கிண்டல் செய்வார். நிலமில்லாதவனும் நிலக்காரனும் ஒரே பெட்டியில் ஓட்டுப்போட்டால் போதாதா, காலனிக்குத் தனி எண்ணிக்கை என்றால் பிரிவினை இல்லையா என்று இன்னொருவர் கேட்பார். 1932இலிருந்து கேட்கிற கேள்விதான் அது. பதிலையும் அன்றிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

நேற்று ராத்திரி சித்தப்பாவுக்குப் போன் போட்டு இதைப் படித்துக் காட்டினேன். மூச்சு வாங்குகிறது அவருக்கு, அப்பனுக்கு இருந்த அதே இழுப்பு. முழுக்கக் கேட்டார்.

‘இதுல எங்கூரு பேரு இருக்குதாம்மா?’

‘எல்லா ஊரும் வர்ற மாதிரிதான் எழுதியிருக்குது சித்தப்பா.’

‘எல்லா ஊரும்னு எழுதுனா ஒரு ஊரும் இல்ல. பேரைப் போடு.’

லைன் வீடு என்பதற்குப் பக்கத்தில் ‘கோலார் தங்கவயல்’ என்று பேனாவால் எழுதி வைத்திருக்கிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை கூட்டம்.